களரியிலிருந்து கலரிக்கு: அதிவீரனும் அவனைப் பார்த்த மக்களும்

ஒரு படம் வெளியாகின்றது. மக்கள் திரளாகச் சென்று பார்க்கின்றனர், கைதட்டுகின்றனர், சீழ்க்கை அடிக்கின்றனர், வீரன் திரையிலே தோன்றும் கணத்தில் இருக்கையை விட்டெழுந்து கூவுகின்றனர். இந்த ஆரவாரத்தைக் குறித்துப் படித்தோர் சொல்லிவருவன இரண்டு கருத்துகளே. 'பாமர ரசனை, இதிலே பேச என்ன இருக்கின்றது?' என்னும் ஏளனம் ஒன்று. 'மக்கள் விரும்புகின்றனர்; அதற்குமேல் தீர்ப்பு வேண்டுமோ?' என்னும் முகத்துதி மற்றொன்று. முன்னது கல்விச் செருக்கிலே பிறந்தது. பின்னது வசூற் கணக்கிலே பிறந்தது. இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. கைதட்டியவன் எதற்காகக் கைதட்டினான் என்று இரண்டுமே கேட்பதில்லை.

இவ்வினாவை இப்போது எழுப்புவதற்குக் காரணமாயிருப்பது, 2025 ஜூலை 11இல் அமெரிக்காவில் வெளியாகி உலகெங்கும் ஓடிய 'சூப்பர்மேன்' படம். இயக்கியவர் ஜேம்ஸ் கன். ஆங்கிலத்தில் சூப்பர் ஹீரோ எனப்படும் அதிவீரர் வரிசையிலே மூத்தவன் இந்தச் சூப்பர்மேன். இப்படத்திலே பொரேவியா என்னும் கற்பனை நாடு, தாங்கிகளோடும் துப்பாக்கிகளோடும் தன் அயலிலுள்ள ஜர்ஹான்பூர் என்னும் ஏழை நாட்டுக்குள் நுழைய முற்படுகின்றது. படையெடுக்கும் அரசுக்கு ஆயுதம் வழங்கும் பெருமுதலாளி ஒருவன், கைப்பற்றப்படும் மண்ணிலே தனக்கும் பங்கு பேசி வைத்திருக்கின்றான். எல்லை வேலிக்கு அப்பால் அந்நாட்டு மக்கள் தடிகளோடு நிற்கின்றனர். ஒரு சிறுவன் சூப்பர்மேனின் சின்னம் வரைந்த கொடியை உயர்த்தி, அவன் பெயரைக் கூவி அழைக்கின்றான்.

படம் வெளியான நாள்களில் காஸாவிலே கொல்லப்பட்டோர் தொகை, அங்குள்ள சுகாதார அமைச்சின் கணக்கின்படி, 57,000ஐத் தாண்டியிருந்தது. எனவே பல நாட்டுப் பார்வையாளரும் இது பலஸ்தீனம் என்றே கண்டனர். சிலர் அதற்காகப் படத்தைப் புகழ்ந்தனர். சிலர் அதற்காகவே கண்டித்தனர். இயக்குநரோ, தாம் கதை எழுதிய காலத்தில் அந்தப் போர் தொடங்கியிருக்கவில்லை என்றும், மத்திய கிழக்கை மனத்திற்கொண்டு எழுதவில்லை என்றும் கூறினார். அவர் கூற்றை ஐயுற நமக்குக் காரணமில்லை. எனினும் எழுதியவர் எண்ணாத ஒன்றைப் பார்த்தவர் கண்டார் என்பதே இங்கு நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி. திரையிலே ஓடுவது ஒரு கதை. பார்ப்பவன் நெஞ்சிலே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது இன்னொன்று. இரண்டும் சந்திக்கும் இடத்திலே எழும் ஒலிதான் கைதட்டல்.

கல்முனையிலிருந்து மேற்கே சென்று கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் வருவது சவளக்கடை. வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஊர். இங்கே படம் வந்துசேர்வது இன்று கைத்தொலைபேசி வழியாக. வகுப்பிலே இப்படத்தைப் பற்றிப் பேச்செழுந்தபோது மாணவன் ஒருவன், "சேர், அது காஸாதானே?" என்று கேட்டான். அடுத்த வாங்கிலிருந்த மற்றொருவன் கேட்டது இன்னும் கூரிய கேள்வி: "அப்ப அந்தச் சனம் ஏன் சேர் சும்மா பாத்துக்கிட்டு நிக்குது?"

மக்கள் ஏன் பார்த்துக்கொண்டு நிற்கின்றனர்? திரையிலே அவர்களை அவ்வாறு நிறுத்தியவர் யார்? இதற்கு விடை காண வேண்டுமாயின் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

களரி

அதிவீரன் சினிமாவோடு பிறந்தவனல்லன். மட்டக்களப்பு தொடங்கித் தெற்கே அம்பாறைக் கரையோரம் வரையுள்ள நிலப்பரப்பிலே, மின்சாரம் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே வீரர் பலர் இரவிரவாக உலாவினர். தமிழ்க் கிராமங்களின் வடமோடிக் கூத்திலே அருச்சுனனும் வீமனும் அபிமன்யுவும் ஆடினர். முஸ்லிம் ஊர்களிலே படைப்போர்களும் கிஸ்ஸாக்களும் இராகமிட்டு ஓதப்பட்டன. வரிசை முகியித்தீன் புலவர் 1686இல் பாடிய 'சக்கூன் படைப்போர்' தொடங்கி, இபுனியன், உச்சி, வடோச்சி, தாகி, இந்திராயன் என ஐந்து போர்களைப் பாடும் 'ஐந்து படைப்போர்' வரை, அலி (ரலி) அவர்களின் வீரத்தைத் தமிழ் விருத்தங்களிலே கேட்டு வளர்ந்தவர் தமிழ் பேசும் முஸ்லிம்கள். செய்த்தூன் கிஸ்ஸாவிலே வாளேந்திப் போர்க்களம் புகும் ஒரு பெண்ணையும் அவர்கள் அறிந்திருந்தனர். பொல்லடியும் சீனடியும் கற்ற இளைஞருக்கு அவ்வீரக் கதைகள் வெறுங்கதைகளாகத் தோன்றியிருக்கமாட்டா.

இந்தப் பழைய வீரர்களும் வானளாவியவர்களே. ஒரே வீச்சிலே பல தலைகளை வீழ்த்தியவர்களே. அப்படியாயின் அன்றைய வீரனுக்கும் இன்றைய வீரனுக்கும் வேறுபாடு யாது? வீரனுடைய ஆற்றலில் வேறுபாடு இல்லை. பார்ப்பவனுக்கும் வீரனுக்கும் இருந்த உறவிலேதான் அது கிடக்கின்றது.

கூத்துக் களரி வட்டமானது. ஊரார் அதனைச் சுற்றி நாற்புறமும் அமர்ந்திருப்பர். எதிரே அமர்ந்திருப்பவர் முகமும் ஒருவருக்கொருவர் தெரியும். அண்ணாவியார் அவ்வூரார். அருச்சுனனாக ஆடுபவன், விடிந்தபின் முடியைக் கழற்றி வைத்துவிட்டு வட்டையிலே வரம்பு கட்டச் செல்லும் உழவன். போடியாரின் நிலத்திலே முல்லைக்காரனாக நிற்பவன், ஓரிரவு அரசனாகக் கொலுவிருப்பான். ஒப்பனையும் உடையும் ஊராரின் செலவு. பிழை நேர்ந்தால் திருத்துவதும் ஊராரின் உரிமை. படைப்போர் ஓதும் வீட்டிலும் நிலை இதுவே. ஓதுபவர் அயல்வீட்டார், கேட்போர் அடுத்த அடியை அறிந்தவர். அவ்வீரன் மக்கள் தம் கையாலே ஆக்கிய வீரன்.

இன்னுமொன்று. அந்த வீரன் இறப்பான். அபிமன்யு வீழ்வான், கர்ணன் வீழ்வான். களரியைச் சுற்றியிருந்த பெண்கள் கண்ணீர் வடிப்பர். அநீதி வெல்வதும் உண்டு என்ற உலக அனுபவம் அக்கலையிலே மறைக்கப்படவில்லை. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' முதல் 'இராவணேசன்' வரை கூத்துகளைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வழியே நவீன மேடைக்குக் கொண்டுவந்தபோது நகரத்துப் பார்வையாளர் வியந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பழைமையைப் பொற்காலமென்று பாடுவது நம் நோக்கமன்று. களரியிலே யார் ஆடலாம், யார் எங்கே அமரலாம் என்பதைச் சாதி தீர்மானித்த ஊர்கள் உண்டு. பெண் பாத்திரத்தையும் ஆணே ஆடினான். எனினும் பார்ப்பவனும் ஆடுபவனும் ஒரே வயலின் சேற்றை மிதித்தவர்கள் என்னும் உண்மை நிற்கின்றது.

கலரி

பின்னர்ப் படமாளிகை வந்தது. களரி போய்க் கலரி வந்தது. முன்வரிசையிலே, திரைக்கு மிக அருகிலே, மிகக் குறைந்த விலையிலே கிடைத்த இருக்கைகளுக்கு இலங்கையில் நாம் இட்ட பெயர் கலரி. வட்டம் குலைந்து எல்லோரும் ஒரே திசையை நோக்கி அமர்ந்தனர். அயலவன் முகம் இருளில் மறைந்தது. வீரன் முகம் பத்து மடங்காகப் பெருத்தது.

தமிழ்த் திரையின் முதல் பெரும் முகமூடி வீரன் 1954இல் வந்தான். நாமக்கல் கவிஞரின் கதை, மு. கருணாநிதியின் வசனம்; ஸ்ரீராமுலு நாயுடுவின் இயக்கம்; எம். ஜி. இராமச்சந்திரன் கதாநாயகன். பணம் படைத்தவரிடம் பறித்து ஏழைக்கு ஈயும் 'மலைக்கள்ளன்' குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கமும் பெற்றான். தெலுங்கிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் இந்தியிலும் அவன் மறுபிறவி எடுத்தான். 1957இல் 'சூரசேன' என்னும் பெயரோடு சிங்களத்திலும் வந்தான்.

இந்த 1957 என்னும் ஆண்டைச் சற்று நினைவிற்கொள்வோம். 1956 ஜூனிலே கல்லோயாப் பள்ளத்தாக்கிலே, சவளக்கடைக்கு நீர் தரும் அதே கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றங்களிலே, தமிழர் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. 1958 மே மாதத்திலே தீவெங்கும் இனக்கலவரம் பரவியது. இவற்றின் நடுவே, ஒரே கள்ளன், ஒரே முகமூடி, ஒரே நீதி. தமிழனும் கைதட்டினான், சிங்களவனும் கைதட்டினான். கடன்காரனையும் கங்காணியையும் ஊழல் அதிகாரியையும் இருவரும் ஒருங்கே வெறுத்தனர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? இருவரின் குறையும் ஒன்றாயிருந்தது. ஆயினும் அக்கைதட்டல் இருவரையும் ஒன்றுசேர்க்கவில்லை. இருளிலே தனித்தனியே திரையை நோக்கியிருந்தவர்கள், வெளிச்சம் வந்ததும் தனித்தனியே வீடு திரும்பினர். வெளியே அவர்களைப் பிரித்து நிறுத்தும் அரசியல் காத்திருந்தது.

'நாடோடி மன்னன்' 1958இல் வந்தது. அரசனைப் போன்ற உருவம் படைத்த ஏழை அரியணையேறி ஏழைக்குச் சட்டம் செய்கின்றான். 1965இல் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யிலே சாட்டையைச் சுழற்றிக் கொடியவனை அடக்குகின்றான். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் இருந்த படமாளிகைகளுக்கு மாட்டுவண்டி கட்டிச் சென்று அக்காட்சிகளைக் கண்டோர் இன்று முதியோராகிவிட்டனர். நெற்காணிக் குத்தகையிலே விளைச்சலின் பெரும்பங்கை அளந்து கொடுத்துவிட்டு வந்தவனுக்கு அச்சாட்டையின் ஒலி இனித்திருக்காதா? அவ்வினிமையை ஏளனம் செய்ய நாம் யார்?

ஆனால் அதே 1965ஆம் ஆண்டின் இன்னொரு காட்சியையும் காணவேண்டும். அவ்வாண்டு அக்டோபரிலே எம். ஜி. ஆர். நடிகை சரோஜாதேவியுடன் இலங்கைக்கு வந்தார். அவர் 1917இல் இம்மலைநாட்டிலே பிறந்தவர் என்பதால் வரவேற்பிலே உரிமையும் கலந்திருந்தது. அவரைக் காணத் திரண்ட தமிழருள், தம் வாழ்வு ஓராண்டுக்கு முன்னர்தான் கூறு போடப்பட்டிருந்த தோட்டத் தொழிலாளரும் இருந்தனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியிருந்தது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை மூன்று கூறாக்கியது: 525,000 பேர் இந்தியாவுக்கு; 300,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசிக்கொள்வது. பொருளைப் பங்கிடுவதுபோல மனிதரைப் பங்கிட்ட அந்த மேசையிலே அம்மனிதருள் ஒருவரும் அமர்ந்திருக்கவில்லை. திரையிலே ஏழையின் கண்ணீரைத் துடைக்கும் கரத்தை ஒருமுறை தொட்டுவிட ஏங்கிய மக்களுக்கு, தங்கள் தலைவிதியை எழுதிய கரங்களைத் தொட வழியிருக்கவில்லை.

அதன்பின் தமிழகத்திலே நடந்தவை யாவரும் அறிந்தவை. 1967 ஜனவரி 12இல் எம். ஜி. ஆர். சுடப்பட்டார். கழுத்திலே கட்டோடு மருத்துவமனையிலிருந்தபடியே சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1972இல் தனிக்கட்சி கண்டார், 1977இல் முதலமைச்சரானார், 1987 டிசம்பர் 24இல் மறையும்வரை மக்கள் செல்வாக்கை இழக்கவில்லை. அவருடைய இறுதி ஊர்வலத்திலே இருபது இலட்சம் பேர் கலந்துகொண்டனர் என்றும், துயர் தாளாது 31 பேர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர் என்றும் ஆய்வாளர் எம். எஸ். எஸ். பாண்டியன் எழுதினார். 1992இல் வெளியான அவருடைய 'த இமேஜ் ட்ராப்' என்னும் ஆங்கில நூல் எழுப்பிய வினா எளியது. இந்த ஆட்சிக்கு வாக்களித்தவர் ஏழைகள். இந்த ஆட்சியால் பெரும்பயன் அடைந்தவர் வசதி படைத்தோர். இம்முரண் எவ்வாறு நிகழ்ந்தது? 1982இல் விரிந்த சத்துணவுத் திட்டம் பள்ளிப் பிள்ளைகளின் பசியைத் தணித்தது உண்மை. அதனைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையன்று. எனினும் அதே ஆட்சிக் காலத்திலேதான் வட ஆர்க்காட்டிலும் தருமபுரியிலும் நிலமற்றோரைத் திரட்டிய இளைஞர் காவற்றுறையின் துப்பாக்கிக்கு இரையாகினர். திரையிலே சாட்டை ஏந்தியவனுக்குக் கைதட்டியவர், நிலத்திலே தாமே எழுந்தபோது என்ன நேர்ந்தது என்பதை இந்த வரலாறு காட்டுகின்றது.

வீரனுக்கும் முதலாளி உண்டு

இனிச் சூப்பர்மேனிடம் திரும்புவோம். அவன் பிறந்த கதை, நம் மாணவர் கட்டாயம் அறியவேண்டிய தொழிலாளர் கதையாகும்.

அமெரிக்காவைப் பெரும் பொருளாதார மந்தம் வாட்டிய 1930களிலே, கிளீவ்லாந்து நகரத்திலே, குடியேறிய யூதக் குடும்பங்களைச் சேர்ந்த ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இரு இளைஞர் அவனைப் படைத்தனர். ஒருவர் எழுதினார், மற்றவர் வரைந்தார். 1938இலே சித்திரக்கதை இதழொன்றில் அவன் முதன்முதல் தோன்றினான். அன்றைய சூப்பர்மேன் விண்வெளி அரக்கரோடு பொருதவில்லை. மனைவியை அடிக்கும் கணவனைத் தண்டித்தான். குற்றமற்ற பெண்ணை மின்னாற்காலித் தண்டனையிலிருந்து மீட்டான். அரசியல்வாதியை விலைக்கு வாங்கும் தரகனை நடுங்கவைத்தான். பாதுகாப்பற்ற சுரங்கத்திலே தொழிலாளரை வேலை வாங்கிய முதலாளியை அதே சுரங்கத்துக்குள் அகப்படச் செய்து, அவர்களின் அச்சத்தை அவனும் உணரும்படி செய்தான். வேலையிழந்தோரும் வாடகை கொடுக்க வழியற்றோரும் நிறைந்த நாட்டிலே அவ்வீரன் அவர்களின் கோபத்துக்குக் கிடைத்த உருவம்.

அவ்வுருவத்தின் உரிமையை இருவரிடமிருந்தும் பதிப்பாளர் வாங்கிய விலை 130 டாலர். அதன்பின் அவன் கோடி கோடியாகச் சம்பாதித்தான். படைத்தவர்களோ வழக்காடித் தோற்று வறுமையுற்றனர். 1978ஆம் ஆண்டுத் திரைப்படம் தயாராகிவந்த காலத்திலே, பத்திரிகைகளும் சக ஓவியர்களும் கண்டனக் குரல் எழுப்பிய பின்னரே, 1975இல் ஆளுக்கு ஆண்டுதோறும் 20,000 டாலர் உதவித்தொகை வழங்க நிறுவனம் இணங்கியது. ஏழைக்கு நீதி வழங்கும் வீரனைப் படைத்தோர்க்கு நீதி வழங்க எவனும் பறந்து வரவில்லை. கூட்டாகக் குரலெழுப்பியோரே அதனைப் பெற்றுத் தந்தனர்.

காலப்போக்கிலே வீரனும் மாறினான். இரண்டாம் உலகப் போரிலே தேசபக்தனானான். சுரங்க முதலாளியை மறந்து, உலகத்தையே அழிக்க வரும் அரக்கனை எதிர்த்தான். உலகம் அழியப்போகும்போது கூலியைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் பேசுவது அற்பமாய்விடுமன்றோ? பெருவணிகத்துக்கு இது வாய்ப்பாயிற்று. 2009இலே டிஸ்னி நிறுவனம் மார்வெல் நிறுவனத்தைச் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' என்னும் ஒரு படம் மட்டும் 2019இல் 270 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. கலரியிலே எழும் ஆரவாரம் இன்று பங்குச் சந்தை வரை கேட்கின்றது.

2025ஆம் ஆண்டுச் 'சூப்பர்மேன்' இவ்வகையிலே சற்று வேறானது. ஆயுத வியாபாரிக்கும் படையெடுப்புக்குமுள்ள உறவை அது மறைக்கவில்லை. இதனை நாம் மனமுவந்து பாராட்ட வேண்டும். இவ்வளவு பெருமுதலிலே எடுக்கப்பட்ட படத்துக்குள்ளும், அதிகாரத்துக்கு எதிரான குரல் நுழைய இடமுண்டு என்பதற்கு அது சான்று. ஆனால் எங்கள் மாணவன் கண்ட குறையும் உண்மையானதே. ஜர்ஹான்பூர் மக்களுக்கு அப்படத்திலே பெயரில்லை; தலைவரில்லை; திட்டமில்லை. தடியும் கொடியும் மட்டுமே உண்டு. கொடியிலும் அவர்களின் சின்னம் இல்லை. இறுதியிலே வேறு சில அதிவீரர் வந்து அவர்களைக் காக்கின்றனர். மீட்கப்படுவதற்காகவே படைக்கப்பட்ட மக்கள் அவர்கள்.

நாட்டை ஆள வந்த வீரன்

திரையிலே இருக்கும்வரை இவ்வேக்கத்தால் பெருந்தீங்கு இல்லையென்று சிலர் கூறக்கூடும். அது திரையை விட்டிறங்கி வாக்குச் சாவடிக்கு வந்ததை நம் தீவு அண்மையிலே கண்டது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் குருதி காயுமுன், அச்சத்திலே உறைந்திருந்த நாட்டுக்கு ஒரு வீரன் வேண்டும் என்னும் கூக்குரல் எழுந்தது. முன்னைநாள் பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ஷவுக்கு அவருடைய குடும்பத்தாரே சூட்டிய பட்டப்பெயர், ஆங்கிலப் படமொன்றின் இயந்திர மனிதனுடைய 'டெர்மினேட்டர்' என்னும் பெயர் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. அவ்வாண்டு நவம்பரிலே 52.25 வீத வாக்குகளோடு அவர் ஜனாதிபதியானார். இக்கரையோரத்தவருள் பெரும்பாலார் அவருக்கு வாக்களிக்கவில்லை. ஏனெனில் அவ்வீரக் கதையிலே வில்லன் வேடம் தமக்கே ஒதுக்கப்பட்டிருப்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

பின்னர் நிகழ்ந்தவற்றை நாம் எவ்வாறு மறப்போம்? 2020ஆம் ஆண்டிலே கொரோனாவால் இறந்தோரை எரித்தே தீரவேண்டுமென்று அரசு ஆணையிட்டது. புதைப்பதால் தீங்கில்லையென உலக சுகாதார நிறுவனம் கூறியும் ஆணை மாறவில்லை. பிறந்து 20 நாளேயான குழந்தையின் உடலும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி 25இல்தான் அவ்வாணை தளர்ந்தது. 2024 ஜூலையிலே அன்றைய அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. அவ்வீரனுடைய ஆட்சியோ அதற்கு முன்பே முடிந்திருந்தது. உரம் இன்றி நெல் கருகிய வயல்களுக்கும், எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நீண்ட வரிசைகளுக்கும் பிறகு, 2022 ஜூலையிலே மக்கள் திரண்டு மாளிகைக்குள் புகுந்தனர். ஜனாதிபதி நாட்டை விட்டு வெளியேறினார். வீரனைத் தேடி வாக்களித்தவர்களே, இம்முறை வீரனெவனுக்கும் காத்திராமல் வீதிக்கு வந்தனர்.

வீரனில்லாத வேளைகள்

இவ்விடத்திலே நம் கரையோரத்தின் சில நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்திப் பார்ப்பது தகும்.

2019 ஏப்ரல் 26. 'எண்ட்கேம்' அமெரிக்கா, இந்தியா உள்ளிட்ட நாடுகளிலே வெளியான நாள். உலகத்தின் பாதியை அழித்த அரக்கனை வீரர்கள் வீழ்த்துவதைக் கண்டு பல நகரங்களிலே பார்வையாளர் ஆர்ப்பரித்த அதே வெள்ளியிரவு, சாய்ந்தமருதிலே ஒரு வீட்டைச் சுற்றித் துப்பாக்கிகள் முழங்கின. உள்ளிருந்தோர் குண்டுகளை வெடிக்கச் செய்தனர்; குழந்தைகளும் மாண்டனர். அவ்வீட்டிலே தங்கியிருந்தோர் மீது ஐயுற்று அதிகாரிகளுக்கு முதலில் அறிவித்தவர் அவ்வூர் மக்களே. அவர்களுக்கு முகமூடியும் இல்லை; மேலங்கியும் இல்லை. அன்றிரவின்பின் தம் சமூகமே ஐயத்துக்குரியதாகப் பார்க்கப்படும் என்று அறிந்தும், அச்செயலை அவர்கள் செய்தனர்.

2021 பெப்ரவரி 3. பொத்துவிலிலிருந்து பொலிகண்டி நோக்கி ஒரு பேரணி புறப்பட்டது. காணாமலாக்கப்பட்டோர், காணிப் பறிப்பு என்னும் தமிழரின் கோரிக்கைகளோடு, முஸ்லிம்களின் உடல் அடக்க உரிமையும் அதன் கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது. கரையோர ஊர்களிலே தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே நடந்தனர். 1980களின் நடுவிலிருந்து ஒருவர் குருதியை மற்றவர் சிந்திய கொடுமை நிகழ்ந்த பாதை அது. ஏறக்குறைய மூன்று வாரத்திலே தகன ஆணை தளர்ந்தது. பேரணி ஒன்றினாலேயே தளர்ந்தது என்று கூறமாட்டோம். வெளிநாட்டு அழுத்தங்களும் இருந்தன. ஆயினும் அப்பாதையிலே நடந்தவர் எவரும் பார்வையாளராக இருக்கவில்லை.

2024 நவம்பர் 26. மாரி வெள்ளம் மாவடிப்பள்ளித் தாம்போதியை மூடிப் பாய்ந்தது. மதரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவரை ஏற்றிவந்த உழவு இயந்திரம் கவிழ்ந்தது. பிள்ளைகள் நீரிலே போயினர். திரையிலே பாலம் உடையும்போதெல்லாம் வீரன் தோள் கொடுத்துப் பேருந்தைத் தாங்குகின்றான். நம்முடைய பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது வீரனுடைய தோளன்று. வெள்ளத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும் ஒரு பாலம், வெள்ள நாளிலே வீதியை நேரத்தோடு மூடும் ஓர் ஒழுங்கு. கிட்டங்கித் தாம்போதி மூழ்கும் ஒவ்வொரு மாரியிலும் சவளக்கடையார் அறியும் பாடமும் இதுவே. வரவுசெலவுத் திட்டத்திலே ஒரு வரியாக எழுதப்படவேண்டிய இந்தப் பாலத்தைப் பற்றி எவரும் படம் எடுப்பதில்லை. அதற்காகக் கைதட்டவும் நாம் பழக்கப்படவில்லை.

நம் பணி

அப்படியாயின் மாணவரிடம் 'இப்படங்களைப் பாராதே' என்று சொல்வதா? அது வீண். சொன்னாலும் அவர்கள் பார்ப்பர், பார்ப்பதிலே பிழையுமில்லை. ஒரு நாட் கூலிக்காரன் இரண்டு மணி நேரம் தன் தோல்விகளை மறந்திருக்கும் உரிமையை நாம் மறுக்க முடியாது. இலங்கையிலே யதார்த்தத் தமிழ்ப் படங்களுக்கான முயற்சிகள் நடந்ததுண்டு. 1972இல் 'குத்துவிளக்கு', 1977இல் 'பொன்மணி', 1978இல் 'வாடைக்காற்று' எனச் சில வந்தன. அவை வேரூன்றித் தழைக்காமைக்கு, முதலும் வசதியும் இன்மை, அண்டை நாட்டின் பெரும் படங்களோடு போட்டியிட வேண்டிய நிலை, பின்னர் வந்த போர் என்பன காரணங்களாயின. பார்வையாளரின் மேல் மட்டும் பழி போடுவது முறையன்று.

நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கைதட்டலை ஒரு மனுவைப் போலப் படிக்கப் பழக்குவது. எந்த இடத்திலே கைதட்டினாய்? எவனை வீரன் அடித்தபோது உனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று? அவனைப் போன்றவனை உன் ஊரிலே கண்டிருக்கின்றாயா? வீரன் வராவிட்டால் அம்மக்கள் என்ன செய்திருக்கலாம்? இந்நான்கு வினாக்களை வகுப்பிலே எழுப்பிப் பாருங்கள். வட்டிக்காரனும், சம்பளத்தைப் பிடித்துவைக்கும் முகவரும், மூழ்கும் தாம்போதியும் தாமே பேச்சிலே வந்து நிற்பதைக் காண்பீர்கள். நான்காவது வினாவுக்கு விடை கூற மாணவர் திணறுவர். அத்திணறலிலேதான் கல்வி தொடங்குகின்றது.

அவ்விடையைத் தேடுவோருக்கு இக்கரையோரமே ஒரு கருவியைத் தந்திருக்கின்றது. கல்முனைக்குடியிலே பிறந்த எம். ஏ. நுஃமான் மொழிபெயர்த்த 'பலஸ்தீனக் கவிதைகள்' 1981இல் நூலாக வந்தது. மஹ்மூத் தர்வீஷ் முதலான கவிஞர், தம் மண்ணையும் மரங்களையும் வேரறுக்கப்பட்ட வாழ்வையும் தம் வாயாலேயே அதிலே பேசுகின்றனர். அவர்களுக்குப் பெயருண்டு, ஊருண்டு, கோபமுண்டு, காதலும் நகையும் உண்டு. ஜர்ஹான்பூர்ச் சிறுவனுடைய கொடியைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்த மாணவன் கையிலே அந்நூலைக் கொடுப்போம். திரையிலே பெயரின்றி நின்ற அம்மக்கள், நாற்பதாண்டுகளுக்கு முன்பே தமிழிலே தம் கதையைச் சொல்லியிருக்கின்றனர் என்பதை அவன் அறியட்டும். அடுத்த படம் வெளியாகும்போது அவன் மீண்டும் கைதட்டுவான், தட்டட்டும். அந்தச் சனம் ஏன் பார்த்துக்கொண்டு நிற்கின்றது என்ற கேள்வியை மட்டும் அவன் விட்டுவிடாதிருக்குமாறு பார்த்துக்கொள்வது ஆசிரியராகிய நம் கடமை.